இருபது வயதுப் பரோலோவை எப்படிச் சுவைப்பது, எப்படி மதிப்பிடுவது

முதிர்ந்த இத்தாலியச் சிவப்பு ஒயின் முதன்முதலாகக் கைக்கு வரும்போது பலரும் திறந்த ஐந்தாவது நிமிடத்திலேயே ஒரு வாய் குடித்துப் பார்க்கிறார்கள். நிறம் வெளிறியிருக்கிறது, வாய் வறள்கிறது, பழச்சுவை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. "இதற்கா இத்தனை பேச்சு?" என்று கிளாஸைத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். இதே ஒயினை மூன்று மணி நேரம் கழித்துக் குடித்தால் அபிப்பிராயம் மாறியிருக்கும். பழைய ஒயினை மதிப்பிடுவதில் நாக்கைவிடப் பொறுமைதான் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாமே அதைச் சுற்றித்தான் வருகின்றன.

உதாரணத்துக்குப் பரோலோவை எடுத்துக்கொள்கிறேன். முதிர்ந்த ஒயினில் புதியவர்களைக் குழப்பும் விஷயங்கள் எல்லாம் இதில் சேர்ந்தே இருக்கின்றன. இது பழகிவிட்டால் பார்பரெஸ்கோ, ப்ருனெல்லோ தி மொன்தல்சினோ, தெற்கே தவுராசி என்று எதை எடுத்தாலும் சமாளித்துவிடலாம்.

முதலில் லேபிளைப் படியுங்கள்

பரோலோ வருவது வடமேற்கு இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியிலிருந்து. ஆல்பா நகரத்தை ஒட்டிய லாங்கே குன்றுகளில் 11 ஊர்களுக்கு மட்டுமே இந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமை உண்டு. திராட்சை ஒரே வகை: நெப்பியோலோ. வேறு எதையும் கலக்கக் கூடாது. 1980-இல் இத்தாலிய ஒயின் சட்டத்தின் உச்சத் தரமான டி.ஓ.சி.ஜி. இதற்குக் கிடைத்தது. அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் கணக்கிட்டுக் குறைந்தது 38 மாதங்கள் ஒயின் முதிர வேண்டும். அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில். ரிசெர்வா என்று போட்டிருந்தால் 62 மாதங்கள். ஆகவே கடைக்கு வரும்போதே இதற்கு மூன்று வயது தாண்டியிருக்கும். அப்போதும் அது இளசுதான். நல்ல ஆண்டில், நல்ல கையில் உருவான பரோலோ பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் இளக ஆரம்பிக்கும். முப்பது, நாற்பது ஆண்டுகள் நிற்பவையும் இருக்கின்றன.

லேபிளில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ஊர், ஆண்டு, தயாரித்தவர்.

ஊர் ஏன் முக்கியம் என்றால், மண் மாறுகிறது. கிழக்குப் பக்கம் இருக்கும் செர்ராலுங்கா, மொன்ஃபோர்த்தே ஊர்களில் மண் பழமையானது. அங்கிருந்து வருபவை இறுக்கமானவை, இளக நேரம் எடுப்பவை. மேற்கே லா மோர்ரா, பரோலோ ஊர்களின் மண் வேறு. ஒயின் கொஞ்சம் மென்மை, மணம் தாராளம், பக்குவமும் சீக்கிரம். விதிவிலக்குகள் நிறைய உண்டு. ஆனாலும் தொடங்குகிறவருக்கு இந்தப் பிரிவு நன்றாகவே கை கொடுக்கும்.

ஆண்டைப் பொறுத்தவரை: 1996 அமிலமும் துவர்ப்பும் மிகுந்து, மெதுவாக இளகிய ஆண்டு. 2003 ஐரோப்பாவே வெயிலில் தவித்த வருடம். அந்த ஒயின்கள் பல சீக்கிரமே முதிர்ந்துவிட்டன. 2004 சமநிலையான ஆண்டு, 2010 குளிர்ச்சியான, நீண்ட காலம் நிற்கும் ஆண்டு. 2002-இல் மழையும் ஆலங்கட்டியும் சேர்ந்து, பலரை அந்த ஆண்டுப் பரோலோவையே கைவிடச் செய்தன. ஆனால் அதே 2002-இல் ஜாகோமோ கொன்தெர்னோ நிறுவனம் தன் உச்ச ஒயினான மொன்ஃபோர்த்தினோவை வெளியிட்டது, அது இன்றும் மதிக்கப்படுகிறது. அதனால் ஆண்டுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு புட்டியைத் திறக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

தயாரித்தவர் பற்றித் தெரிய வேண்டியது, அவர் எந்த மரத்தில் முதிர வைக்கிறார் என்பது. பழைய வழக்கம் பெரிய பெரிய பீப்பாய்கள், பெரும்பாலும் ஸ்லவோனிய ஓக். 1980-களில் எலியோ ஆல்தாரே போன்றவர்கள் பாரிக் எனப்படும் சிறிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்க்கு மாறினார்கள். தன் குடும்பத்தின் பழைய பீப்பாய்களை ஆல்தாரே ரம்பத்தால் அறுத்த கதை அந்த வட்டாரத்தில் பிரசித்தம். பர்தோலோ மஸ்கரெல்லோ என்ற தயாரிப்பாளர் கடைசிவரை எதிர்த்தரப்பில், பெரிய பீப்பாயின் பக்கம் நின்றார். இன்று அந்தச் சண்டை பெரிதும் ஓய்ந்துவிட்டது. ஆனால் நீங்கள் திறக்கப்போவது தொண்ணூறுகளின் ஒயின் என்றால் கிளாஸில் அதன் தடயம் இருக்கும்: வனிலா, காபி, வறுத்த தேங்காய் வாசனை வந்தால் சிறு பீப்பாய் என்று ஊகிக்கலாம்.

புட்டியின் உடல்நிலை

வாங்கும் முன், முடிந்தால், புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கழுத்தில் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது? இருபது வயது ஒயினில் கார்க்குக்குக் கீழே இரண்டு, மூன்று செ.மீ. இடைவெளி இயல்பு. ஐந்து செ.மீ.-க்கு மேல் இறங்கியிருந்தால் காற்று உள்ளே போயிருக்கலாம். நாற்பது வயது புட்டிக்குக் கொஞ்சம் சலுகை தரலாம்.

கார்க் மூடியை விட்டு மேலே புடைத்துக்கொண்டு நிற்கிறதா, கழுத்தோரம் பிசுபிசுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டுமே வெயிலோ சூடோ பட்டதற்கான அடையாளம். லேபிள் கறை படிந்திருந்தால் கவலைப்படாதீர்கள். ஈரமான நிலவறையில் இருந்திருக்கிறது என்று அர்த்தம், ஒயினுக்கு அது நல்லதுதான்.

பயணம் செய்து வந்த புட்டியை இரண்டு, மூன்று வாரம் அசையாமல் படுக்கவைத்து ஓய்வு கொடுங்கள். அப்புறம் திறப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் நிமிர்த்தி நிறுத்துங்கள். பக்கவாட்டில் படிந்திருந்த கசடு மெதுவாக அடியில் போய்ச் சேர வேண்டும். நெப்பியோலோவின் கசடு மிக நுண்ணியது. ஒரு தடவை கலங்கிவிட்டால் அடங்க நாள் கணக்காகும், கலங்கிய ஒயின் கசக்கும். முழு வேலையிலும் மிகச் சுலபமான படி இது. நிறையப் பேர் தவிர்த்துவிடுவதும் இதைத்தான்.

பரிமாறும் சூடு 16 முதல் 18 டிகிரி. 'அறை வெப்பநிலை' என்று பழைய புத்தகங்கள் சொன்னது ஐரோப்பாவின் கல்வீட்டு அறைகளை மனத்தில் வைத்து. 30 டிகிரி அறையில் ஊற்றினால் ஆல்கஹால் முதலில் மூக்கில் ஏறும், மற்றதெல்லாம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். வெப்பமான ஊரில் இருப்பவர்கள் புட்டியை நிமிர்த்தியபடியே ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம்போல வைத்து எடுங்கள். ரொம்பக் குளிர்ந்துவிட்டாலும் பாதகமில்லை, கிளாஸில் தானாகச் சூடேறிவிடும்.

கார்க்கை எடுப்பது

உலோகத்தாளைக் கழுத்து விளிம்புக்குக் கீழே வெட்டி எடுத்துவிடுங்கள். கார்க்கின் மேல் கறுப்பாகப் பூஞ்சை படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். அது உள்ளே இருக்கும் ஒயினைத் தொடுவதில்லை.

இருபது வயது கார்க் நைந்திருக்கும். சாதாரணத் திருகாணியைச் செலுத்தினால் நடுப்பகுதி மட்டும் பொடிந்து வெளியே வரும். இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட திறப்பான் ஒன்று கிடைக்கிறது. தகடுகளைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாறி மாறி அசைத்து இறக்கி, மெல்லத் திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். பழைய ஒயின் குடிக்கப்போகிறீர்கள் என்றால் இந்தக் கருவியை வாங்கிவிடுங்கள். அப்படியும் உடைந்தால் பதற வேண்டாம். துண்டுகளை உள்ளே தள்ளிவிட்டு, வாசனையில்லாத சுத்தமான மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளலாம்.

எடுத்த கார்க்கை முகர்வதைவிடப் பார்ப்பது பயன் தரும். ஒயின் கறை அடிப்பகுதியில் மட்டும் இருந்தால் நல்லது. பக்கவாட்டில் முழு நீளத்துக்கும் ஏறியிருந்தால் கசிவு நடந்திருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

காற்று கொடுப்பதா, வேண்டாமா

இதற்கு ஒரே பதில் கிடையாது. முதலில் 30 மில்லி மட்டும் ஊற்றி முகர்ந்து, ஒரு சிறு வாய் சுவைத்துப் பாருங்கள். அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

மணம் மூடிக்கிடக்கிறது, துவர்ப்பு முன்னால் வந்து நிற்கிறது என்றால் டிகாண்டரில், அதாவது ஒயினுக்குக் காற்றுப்பட ஊற்றிவைக்கும் கண்ணாடிக் குடுவையில், ஊற்றி இரண்டு மணி நேரம் விடலாம். மணம் இப்போதே மென்மையாக, மெலிதாக வருகிறது, ஒயினுக்கு வயதும் முப்பது தாண்டிவிட்டது என்றால் டிகாண்டர் வேண்டாம். புட்டியிலேயே, திறந்தபடி, குளிர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்து மூன்று நான்கு மணி நேரம் காத்திருங்கள். ஊற்றிய 30 மில்லியால் கழுத்தில் மட்டம் இறங்கி, காற்றுப்படும் பரப்பு கொஞ்சம் கூடியிருக்கும். இந்த மெதுவான வழிதான் எனக்குப் பிடித்தது. அவசரமாகக் காற்றடித்துக் கெட்டுப்போன பழைய ஒயினைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. காத்திருந்து கெட்டது மிகக் குறைவு.

டிகாண்டரில் ஊற்றும்போது கழுத்துக்கு அடியில் ஒரு டார்ச்சோ மெழுகுவர்த்தியோ வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தாமல், ஒரே சீராக ஊற்றுங்கள். கடைசியில் புட்டியின் தோளிலிருந்து கறுத்த இழையாகக் கசடு நகர்ந்து வருவது தெரியும். அந்த இழை கழுத்தைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். அடியில் நாற்பது, ஐம்பது மில்லி தங்கினால் தங்கட்டும்.

அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊதுபத்தி, சென்ட், தலையில் மல்லிகை, அடுப்பில் தாளிப்பு எதுவும் அன்றைக்கு வேண்டாம். கிளாஸ் அகன்ற வயிறும் குவிந்த வாயும் உள்ளதாக இருக்கட்டும். சோப்பு வாசனை போக வெந்நீரில் அலசி, காயவைத்துவிடுங்கள். சுவைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து காபி, வெற்றிலை, பற்பசை மூன்றையும் தள்ளி வையுங்கள்.

கண்

50 மில்லி ஊற்றுங்கள். வெள்ளைத்தாளின் மேல் கிளாஸைச் சாய்த்து, நடுப்பகுதி, அதை அடுத்த வட்டம், விளிம்பு என்று மூன்று இடங்களைப் பாருங்கள். இருபது வயதுப் பரோலோவில் நடுவே மாதுளை முத்தின் சிவப்பு இருக்கும். வெளியே வர வர அது செங்கல் நிறமாகி, விளிம்பில் ஆரஞ்சாகி, கடைசி ஒரு மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் முடியும். கிளாஸுக்குப் பின்னால் வைத்த எழுத்தைப் படிக்கலாம்.

வேறு ஒயின்களில் பழகியவர்கள் தடுமாறும் இடம் இது. காபர்னே சொவிஞோனில் ஆரஞ்சு விளிம்பு கண்டால் நல்ல வயது என்று சொல்லிவிடலாம். நெப்பியோலோவின் நிறமிகள் சீக்கிரம் காற்றேறி மாறும் வகை. அதன் தோலில் சயனிடின், பியோனிடின் வகை நிறமிகள்தான் அதிகம். அவை நிலைத்து நிற்பதில்லை. ஐந்து வயதிலேயே பரோலோவின் விளிம்பில் ஆரஞ்சு எட்டிப்பார்க்கும். ஆகவே நிறத்தின் ஆழத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பார்க்க வேண்டியது ஒளியை. வெளிறியிருந்தாலும் பளிச்சென்று, தெளிவாக, எங்கோ ஒரு சிவப்பு மிச்சமிருந்தால் ஒயின் உயிரோடு இருக்கிறது. சிவப்பே இல்லாமல் மங்கிய பழுப்பாக இருந்தால் கெட்டிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். அப்போதும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு.

மூக்கு

மதிப்பீட்டில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கிறது. அவசரப்படாமல் இருங்கள்.

முதலில் கிளாஸைச் சுழற்றாமல் முகருங்கள். மிக மெல்லிய வாசனைகள் இப்போதுதான் கிடைக்கும். சுழற்றிய பிறகு அவை மறைந்துவிடலாம். அப்புறம் இரண்டு சுற்றுச் சுழற்றி மறுபடி முகருங்கள். நீளமாக இழுக்க வேண்டாம், குட்டி குட்டியாக மூன்று மூச்சு போதும். மூக்கு சீக்கிரம் சலித்துவிடும். நடுவில் உங்கள் சட்டைக்கையை முகர்ந்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

செர்ராலுங்காவின் 2004 ஒன்றை, பெரிய பீப்பாயில் முதிர்ந்ததை, மனத்தில் வைத்து எழுதுகிறேன். திறந்த உடனே பெரும்பாலும் ஒரு பழமை வாசனை: பூட்டிக் கிடந்த அலமாரி, கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் தூசி. இதைக் கண்டு பயப்பட வேண்டாம், அரை மணியில் கலைந்துவிடும். முக்கால் மணி நேரத்தில் வாடிய பன்னீர் ரோஜா இதழ் வரும். கூடவே காய்ந்த ஆரஞ்சுத் தோல். இரண்டு மணி நேரம் ஆகும்போது அடியிலிருந்து மற்றவை ஏறும்: தேயிலை, புகையிலை, தோல், அதிமதுரம், ஈரமண்ணில் முளைத்த காளான். நெப்பியோலோவின் கையெழுத்தாகச் சொல்லப்படும் தார் வாசனையும் இவற்றின் நடுவே இருக்கும். செர்ராலுங்கா ஒயின்களில் சில சமயம் மூச்சின் முடிவில் புதினா, பச்சைக்கற்பூரம் சாயலில் ஒரு குளிர்ச்சி தட்டுப்படும். எனக்கு இந்த ஒயினில் மிகவும் பிடித்த நொடி அதுதான். நான்கு மணி நேரத்தில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, தனித்தனியாகப் பெயர் சொல்வது கடினமாகிவிடும். அப்படிக் கலந்து நிற்பதைத்தான் முதிர்ச்சி என்கிறோம்.

இங்கே புதியவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, உங்கள் மூக்குக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிளை (மண்ணுக்கடியில் விளையும், மணம் மிகுந்த பூஞ்சை வகை) முகர்ந்ததே இல்லை என்றால் குறிப்பில் ட்ரஃபிள் என்று எழுதாதீர்கள். காய்ந்த இலந்தை, நாவல், சுக்கு, கிராம்பு, பழைய காகிதம் என்று உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறதோ அதை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் குறிப்பைப் படிக்கும்போது ஒயின் திரும்ப நினைவுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். இரவல் வார்த்தைகளில் எழுதிய குறிப்பு எழுதியவருக்கே உதவாது.

எழுதும்போது மூன்று அடுக்காகப் பிரித்துக்கொண்டால் வசதி. பழம், பூ: திராட்சையிலிருந்து வந்தவை. வனிலா, புகை: மரத்திலிருந்து வந்தவை. தோல், காளான், தேயிலை: காலத்திலிருந்து வந்தவை. மூன்றாவது அடுக்கு மேலோங்கியிருப்பது இருபது வயதில் சரிதான். ஆனால் முதல் அடுக்கு ஒரு துளியாவது மிச்சம் இருக்க வேண்டும். ரோஜாவோ பழமோ எதுவுமே இல்லாமல் தோலும் சருகும் மட்டும் மிஞ்சியிருந்தால் அந்த ஒயின் உச்சத்தைக் கடந்துவிட்டது.

முதிர்ந்ததா, கெட்டதா

இந்த வேறுபாடு தெரியாததால்தான் நல்ல ஒயின்கள் கொட்டப்படுகின்றன, கெட்டவை பாராட்டப்படுகின்றன. ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கார்க் கறை. ட்ரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மத்தால் வருவது. லிட்டருக்கு ஒரு சில நானோகிராம் இருந்தாலே பழகிய மூக்குக்குத் தெரிந்துவிடும். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை. முன்னே சொன்ன அலமாரி வாசனையோடு இதைக் குழப்பிக்கொள்வது சுலபம், பிரிப்பதும் சுலபம்: கிளாஸை இருபது நிமிடம் அப்படியே வையுங்கள். பழமை வாசனை குறையும். கார்க் கறை குறையாது, பல சமயம் கூடும். லேசாகப் பட்டிருந்தால் வாடைகூட வராமல், மணம் மட்டும் மொட்டையாக இருக்கும். பெயர்பெற்ற புட்டி ஒன்று காரணமே இல்லாமல் ஊமையாக இருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

காற்றேறியது. வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிள், பழைய கொட்டைகள். நிறமும் பழுப்பாகியிருக்கும். நேரம் ஆக ஆக மோசமாகும்.

ஆவியாகும் அமிலம். வினிகர், நகப்பூச்சு அழிப்பான். பழைய பாணிப் பரோலோவில் இது ஒரு துளி இருப்பது சகஜம். அந்தத் துளி மணத்தை மூக்குக்குத் தூக்கிக் கொடுக்கிறது. கண்ணில் உறைக்கிற அளவு என்றால் குறைதான்.

பிரெட்டனோமைசிஸ். குதிரை லாயம், மருந்துப் பிளாஸ்திரி வாடை தரும் ஒரு ஈஸ்ட். மெலிதாக இருந்தால் சிலருக்குப் பிடிக்கிறது. எனக்குப் பிடிப்பதில்லை, ஏனென்றால் அது தலைதூக்கினால் எந்த ஊர் ஒயினும் ஒரே வாசனை ஆகிவிடுகிறது.

சூடு பட்டது. வேகவைத்த பழம், ஜாம். வாயில் தட்டையாக முடியும்.

தீக்குச்சி, லேசான கந்தகம். இது காற்றில் போய்விடும். குறையாக எண்ண வேண்டாம்.

வாய்

ஒரு பெரிய ஸ்பூன் அளவு எடுத்து, வாய் முழுக்கப் பரவவிட்டு, உதடுகளைச் சற்றுத் திறந்து கொஞ்சம் காற்றை உள்ளிழுங்கள். சத்தம் வரும், வரட்டும். பத்து விநாடி கழித்து விழுங்கலாம், துப்பலாம். பல ஒயின்களைச் சுவைக்கிறீர்கள் என்றால் துப்புங்கள். பரோலோவில் ஆல்கஹால் பொதுவாக 14 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், மூன்றாவது கிளாஸுக்குமேல் மதிப்பீடு நம்பத்தக்கதாக இருக்காது.

முதலில் புளிப்பு. விழுங்கிய பிறகு நாக்கின் இரு ஓரங்களிலும் எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று கவனியுங்கள். நெப்பியோலோவில் நன்றாகவே ஊறும். வயதில் அதிகம் குறையாத தன்மை இது. இந்த ஒயினை இத்தனை வருடம் தாங்கிப் பிடித்திருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து துவர்ப்பு. துவர்ப்புக்குக் காரணமான டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதங்களோடு பிணைந்து வழுவழுப்பை நீக்கிவிடுகிறது. அந்த வறட்சியைத்தான் ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் உணர்கிறோம். அளவை மட்டும் பார்க்காமல் தன்மையையும் பாருங்கள். இளம் பரோலோவின் துவர்ப்பு நெடுநேரம் கொதிக்கவிட்ட பால் சேர்க்காத தேநீர் மாதிரி பற்களைக் கவ்வும். காலப்போக்கில் டானின்கள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் இணைந்து பெரிதாகி, ஒரு பகுதி கசடாகப் படிந்துவிடுகிறது. இருபது வயதில் துவர்ப்பு இருக்கும், ஆனால் முரட்டுத்தனம் போய், நுண்ணிய மாவைத் தடவியது போன்ற உணர்வுதான் மிஞ்ச வேண்டும்.

முதிர்ந்த ஒயினை எடைபோடும் முக்கியமான கேள்வி இங்கே வருகிறது: பழத்துக்கும் துவர்ப்புக்கும் நடந்த போட்டியில் முதலில் தீர்ந்தது எது? துவர்ப்பு இளகும்வரை பழம் தாக்குப்பிடித்திருந்தால் அது நன்றாக முதிர்ந்த ஒயின். பழம் தீர்ந்துபோய் துவர்ப்பு மட்டும் எஞ்சியிருந்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், அந்த ஒயின் காய்ந்துவிட்டது. இன்னும் பத்து வருடம் வைத்தாலும் சரியாகாது. "இன்னும் வைத்திருந்தால் இளகும்" என்ற நம்பிக்கையில் அலமாரியிலேயே தீர்ந்துபோன ஒயின்கள் ஏராளம்.

கடைசியாக நீளம். விழுங்கியதும் மனத்துக்குள் விநாடிகளை எண்ணுங்கள். துவர்ப்பை எண்ணக் கூடாது, மணமும் சுவையும் நிற்கும் நேரத்தை மட்டும் எண்ணுங்கள். ஐந்துக்குள் முடிந்தால் குட்டை. பத்தைத் தாண்டினால் நல்லது. இருபதுக்கு மேல் நின்றால் அபூர்வம்; பேச்சை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள்.

தீர்ப்பு எழுதுவது

ஒரே தடவை சுவைத்து எழுதாதீர்கள். திறந்ததும் ஒரு முறை, ஒன்றரை மணி நேரத்தில் ஒரு முறை, நான்காவது மணியில் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்து நான்கைந்து வரி போதும். கால் கிளாஸ் அளவு மறுநாளைக்கு எடுத்து வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. சின்ன புட்டியில் விளிம்புவரை நிரப்பி மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சமநிலை, செறிவு, சிக்கலான அடுக்குகள், நீளம் ஆகிய நான்கையும் பார்த்துத் தரம் சொல்லலாம். மதிப்பெண் போடுவது உங்கள் விருப்பம். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. அதைவிடப் பயனுள்ளது, ஒயின் தன் பாதையில் எங்கே நிற்கிறது என்று சொல்வது. நான்கு மணி நேரமும் மேலே ஏறிக்கொண்டே போய், மறுநாளும் நன்றாக இருந்தால் இன்னும் பல வருடம் தாங்கும். முதல் இரண்டு மணி நேரம் மலர்ந்து, பிறகு அப்படியே நின்றால் உச்சத்தில் இருக்கிறது. முதல் இருபது நிமிடம் அழகாக இருந்து, பின்பு கண்முன்னே வற்றினால் இறக்கத்தில் இருக்கிறது. அதே பெட்டியில் இன்னொரு புட்டி இருந்தால் இந்த மாதமே திறந்துவிடுங்கள். ஆனால் பழைய ஒயினில் ஒரு புட்டி அடுத்த புட்டிக்குச் சாட்சி சொல்லாது. ஒரே பெட்டியில் இருந்தவையே கார்க்கைப் பொறுத்து வேறு வேறாக இருக்கும். ஆகவே "இந்த ஒயின் இப்படி" என்று எழுதாமல் "இந்தப் புட்டி இப்படி" என்று எழுதுங்கள்.

'கெட்டிருக்கிறது' என்பதையும் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். தோல், காளான் வாசனைகள் பிடிக்காதவர்கள் நிறைய உண்டு. அவர்கள் எட்டுப் பத்து வயது ஒயினோடு நின்றுகொண்டால் அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சாப்பாட்டோடு

முதல் இரண்டு சுற்றும் வெறும் ஒயினாகவே சுவைத்துவிட்டு, பிறகு உணவோடு பாருங்கள். லாங்கே வட்டாரத்தில் இதனோடு வருவது மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சி, முட்டை மஞ்சள்கரு நிறையச் சேர்த்த தயாரின் பாஸ்தா, காஸ்தெல்மாக்னோ பாலாடைக்கட்டி. கொழுப்பும் புரதமும் டானினைப் பிடித்துக்கொள்வதால் ஒயின் சட்டென்று மென்மையாகிவிடும். மிளகாய்க் காரம் இதற்கு நேர் எதிர். துவர்ப்பையும் ஆல்கஹாலின் எரிச்சலையும் தூக்கிவிடும். ஆகவே காரக் குழம்பு, மிளகாய் வறுவல் எல்லாம் வேறொரு நாளைக்கு. நம் அடுப்பில் செய்வதாக இருந்தால் நெய்யில் வதக்கிய காளான், காரம் குறைத்துக் குழைய வேகவைத்த ஆட்டிறைச்சி இரண்டும் ஒத்துப்போகும்.

புட்டியின் அடியில் தங்கிய கசட்டு ஒயினைக் கொட்ட வேண்டாம். துணியில் வடிகட்டி அதே இறைச்சிச் சாற்றில் சேர்த்துவிடலாம்.